காஞ்சி வெயிலும் ஊசி மருந்தும்

காஞ்சி மாநகரம் கோயில்களாலும் பட்டாலும் புகழ் பெற்றது. இதை அறியாதார் தமிழ் நாட்டில் இலர். அந்நகரத்தாருக்கு மற்றொரு கலையும் கைவந்ததாகும். அது பொருள்களின் இயல்பறிந்து அவற்றைப் பேணிக் காக்கும் கலை.

வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தில், அத்தி மரத்தால் ஆகிய திருமேனி ஒன்று நீருக்கடியில் வைக்கப்பட்டிருக்கிறது. 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை அது வெளியே எழுந்தருளுகிறது. 1979 ஆம் ஆண்டிலும் 2019 ஆம் ஆண்டிலும் மக்கள் திரள் திரளாகச் சென்று அத்தி வரதரைக் கண்டனர். மரத்தை நீரில் இட்டால் அழுகிவிடாதோ என்று நாம் எண்ணுவோம். ஆழ்ந்த நீரில் காற்று மிகக் குறைவு. காற்று இல்லாத இடத்தில் மரத்தைத் தின்னும் பூஞ்சைகள் செழிப்பதில்லை. நனைவதும் காய்வதுமாக மாறி மாறிக் கிடக்கும் மரந்தான் விரைவில் கெடும்.

இனி ஏகாம்பரநாதர் கோயிலுக்குச் செல்வோம். ஐம்பூதத் தலங்களுள் அது மண்ணுக்கு உரியது. அங்கே மண்ணால் ஆகிய இலிங்கத்திற்கு நீரால் திருமுழுக்குச் செய்வதில்லை. ஒரே ஊரில், ஒரு திருமேனியை நீர் காக்கிறது. மற்றொரு திருமேனியை நீரினின்று காக்கிறார்கள். பட்டுப் புடைவையைப் பேணும் முறையோ இவ்விரண்டினும் வேறு. அதனை வெயிலில் உலர்த்தலாகாது. நிழலில் ஆற்றி, பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை அவ்வப்போது மாற்றி வைக்க வேண்டும். இதனைக் காஞ்சிப் பெண்மணிகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

மரத்திற்கு ஒரு முறை, மண்ணுக்கு ஒரு முறை, பட்டுக்கு ஒரு முறை. அப்படியானால், இன்று பல இல்லங்களில் குடியேறியிருக்கும் ஒரு புதிய பொருளுக்கு உரிய முறை யாது? அப்பொருள்தான் ஊசி வழியே உடலிற் செலுத்தும் மருந்து. நீரிழிவுக்கு உரிய இன்சுலினும், அண்மையில் வந்துள்ள உடல் எடை குறைக்கும் மருந்துகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. வெப்ப நாட்டில் மருந்தை எவ்வாறு காத்தார்கள், இன்று நாம் எவ்வாறு காக்க வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் இல்லத்தை மனத்தில் கற்பனை செய்து பாருங்கள். முன் கூடத்தில் குழித்தறி இருக்கிறது. தந்தை தறியில் அமர்ந்திருக்கிறார். தாய் இராட்டையில் ஊடை நூல் சுற்றுகிறார். பள்ளிக்குச் செல்லும் மகளுக்கு முதல் வகை நீரிழிவு. அவள் உடலில் இன்சுலின் சுரப்பதில்லை. ஆதலால் நாள்தோறும் ஊசி வழியாக அதனைப் பெற்றாக வேண்டும். சித்திரையும் வைகாசியுமாகிய கத்திரி வெயிற் காலத்தில் வீட்டின் கூரை அனலாகக் காய்கிறது. மின்சாரம் சில மணி நேரம் நின்று போகிறது. குளிர்சாதனப் பெட்டி வீட்டில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மேசையின்மேல் இருக்கும் அந்தச் சிறு கண்ணாடிக் குப்பியைத்தான் அச்சிறுமியின் உயிர் நம்பியிருக்கிறது.

கெட்டுப்போன பாலை முகர்ந்தால் தெரியும். கெட்டுப்போன சோற்றைக் கண்டால் தெரியும். ஆற்றல் குன்றிய இன்சுலினோ பல வேளைகளில் கண்ணுக்குத் தெளிந்த நீராகவே காட்சியளிக்கும். சிறுமி வழக்கமான அளவையே போட்டுக்கொள்வாள். ஆனால் குருதியிற் சர்க்கரை ஏறும், தாகம் மிகும், அடிக்கடி சிறுநீர் கழியும், வாந்தியும் மூச்சிரைப்பும் தோன்றும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாவிடின் உயிருக்கே இடர் நேரும். ஆகவே மருந்தை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆகும்.

இன்சுலின் வெப்பத்திற்கு ஏன் அஞ்சுகிறது? இதற்கு விடை அந்த வீட்டின் தறியிலேயே இருக்கிறது. பட்டு ஒரு புரதம். இன்சுலினும் ஒரு புரதம். அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளை மாலையாகக் கோத்தாற்போல் அமைந்தவை புரதங்கள். இன்சுலினில் 21 மணிகள் கொண்ட ஒரு சரமும், 30 மணிகள் கொண்ட ஒரு சரமும், ஆக 51 மணிகள் உள்ளன. இவற்றின் வரிசையை முழுவதும் கண்டறிந்தவர் ஆங்கில விஞ்ஞானி பிரெடரிக் சாங்கர். அதற்காக 1958 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மணிகளின் வரிசை மட்டும் போதாது; சரம் மடிந்திருக்கும் வடிவமும் வேண்டும். பட்டு இழையிற் சரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படிந்து, தகடு தகடாக அடுக்கப்பட்டுள்ளன. அதனாலேயே பட்டு கொதிநீரையும் சாயத் தொட்டியையும் தாங்குகிறது. இன்சுலினின் சரங்களோ ஒரு சிறு உருண்டையாக மடிந்திருக்கின்றன. அந்த மடிப்பு இருக்கும் வரையில்தான், பூட்டுக்குள் சாவி பொருந்துவதுபோல், அது உடலின் உயிரணுக்களிற் பொருந்தித் தன் வேலையைச் செய்யும். வெப்பம் மிகுந்தாலும், வன்மையாகக் குலுக்கினாலும், உறைந்து உருகினாலும் அம்மடிப்புக் குலையும். குலைந்த சரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்ணிய இழைகளாகத் திரளும். இன்சுலின் கரைசல் சூட்டினால் இழையாக மாறுவதை விஞ்ஞானிகள் 1940களிலேயே ஆராய்ந்தனர். அவ்விழைகளின் உள்ளமைப்பு, பட்டின் அமைப்பைப் போலவே தகடு தகடாக அடுங்கிய ஒன்று என்பது வியப்புக்குரியது. காஞ்சித் தறியில் இழை செல்வமாகிறது. மருந்துக் குப்பியில் இழை தோன்றினால் மருந்து வீணாகிறது.

வெப்பத்தோடு மருந்து நடத்திய இப்போராட்டம் இன்சுலினுக்கு முன்பே தொடங்கியதாகும். அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

1796 இல் எட்வர்டு ஜென்னர் இங்கிலாந்தில் அம்மை குத்தும் முறையைக் கண்டார். அக்காலத்திற் பெரியம்மை இந்தியாவிலும் எண்ணற்ற உயிர்களைக் கொள்ளை கொண்டது. புதிய மருந்தை இங்கே கொண்டுவர ஆவல் மிகுந்தது. அம்மைப் பாலை நூல் இழைகளில் தோய்த்து உலர்த்தி அனுப்பிப் பார்த்தார்கள். நெடிய கடற்பயணத்தின் வெப்பத்தில் அதன் ஆற்றல் அழிந்துபோயிற்று. பின்னர் வேறு வழியை மேற்கொண்டனர். ஒருவர் கையில் அம்மை குத்தி, அங்கே எழுந்த கொப்புளத்திலிருந்து பால் எடுத்து அடுத்தவர் கையிற் குத்துவது, அவரிடமிருந்து இன்னொருவருக்கு. இவ்வாறு பாக்தாது, பாஸ்ரா வழியாக அம்மருந்து பம்பாயை அடைந்தது. 1802 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள், அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு அங்கே அம்மை குத்தப்பட்டது. இந்தியாவில் அது பயன் தந்த முதல் நிகழ்ச்சி அதுவே. அங்கிருந்து கைக்குக் கை மாறிச் சென்னைக்கும் பிற இடங்களுக்கும் பரவியது. மருந்தைப் பேணுவதற்குக் குளிர்ந்த பெட்டி இல்லாத காலத்தில், மனித உடலே மருந்துப் பெட்டியாக விளங்கியது.

இம்முறையிற் குறையும் இருந்தது. ஒருவர் உடலிலிருந்த வேறு நோய்கள் மற்றொருவரைத் தொற்றக் கூடும். வழியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மருந்தின் தொடர் அற்றுப் போகும். குளிர்ச்சிக்கு ஒரு வழி கிடைக்கும் வரையில் இவ்விடர் நீங்கவில்லை.

குளிர்ச்சி முதலிற் கப்பலில் வந்தது. பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்து உலகெங்கும் அனுப்பினார். 1833 இல் அவருடைய கப்பல் ஒன்று 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு நான்கு மாதங்கள் கடலில் ஓடிக் கல்கத்தாவை அடைந்தது. வழியில் உருகியது போக ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. 1842 இல் சென்னைக் கடற்கரையிலும் பனிக்கட்டியைச் சேமிக்க ஒரு மாளிகை எழுந்தது. அதுவே ஐஸ் ஹவுஸ். பின்னர் 1897 இல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. செயற்கையாகப் பனிக்கட்டி செய்யும் பொறிகள் வந்தபின் கப்பற் பனிக்கட்டியின் வாணிகம் மறைந்தது. எனினும் ஓர் உண்மையை அது நமக்குப் புலப்படுத்தியது. குளிர்ச்சியை உண்டாக்குவது ஒரு பாதி. அதனை வெப்பத்தினின்று மறைத்துக் காப்பது மறு பாதி. நான்கு மாதக் கடல் வெயிலில் 100 டன் பனிக்கட்டியைக் காத்தது வெறும் மரத்தூளே அன்றோ?

அடுத்த படி சென்னைக் கிண்டியில் நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தின் சுகாதாரத் தலைவராக விளங்கிய டபிள்யூ. ஜி. கிங், அம்மைப் பாலை ஆட்டு மயிர்க் கொழுப்பாகிய லனோலினில் குழைத்து, வெயிலுக்கு ஈடு கொடுக்கும்படி செய்ய முயன்றவர். அவர் பெயரால் அமைந்ததே கிங் நோய்த் தடுப்பு மருந்து நிலையம். 1899 இல் வித்திடப்பட்ட அந்நிலையம் 1905 இல் முறையாகத் திறக்கப்பட்டது. கன்றுகளின் தோலில் வளர்த்த அம்மைப் பால் அங்கிருந்து மாகாணம் முழுவதும் சென்றது. கிண்டியிற் புறப்படும்போது ஆற்றல் நிறைந்திருந்த மருந்து, கோடையில் வண்டியேறிச் சிற்றூர் சேர்வதற்குள் ஆற்றல் இழந்துவிடும் இடர் அப்போதும் இருந்தது.

இவ்விடரைத் தீர்த்தது உறைய வைத்து உலர்த்தும் முறை. 1950களில் லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லெஸ்லி காலியர் இம்முறையிற் செய்த அம்மை மருந்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மாதம் இருந்தாலும் கெடவில்லை. கிண்டி நிலையமும் பின்னர் இத்தகைய மருந்தைச் செய்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவிற் பெரியம்மை ஒழிந்தது. 1980 இல் உலகம் முழுவதும் அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. ஊசி குத்தியவர்களின் உழைப்பும், வெயிலைத் தாங்கும் மருந்தைச் செய்தவர்களின் அறிவும் ஒருங்கே சேர்ந்து ஈட்டிய வெற்றி அது.

அம்மை மருந்து உலர்ந்த பொடியாகித் தப்பிற்று. இன்சுலினுக்கு அவ்வழி அமையவில்லை. நாள்தோறும் வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டியதாதலால், அது கரைசலாகவே மக்களிடம் வந்தது.

கனடா நாட்டு டொராண்டோ நகரில் 1921 இல் பிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் நாயின் கணையத்திலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11 ஆம் நாள், லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன் முதலாக அது செலுத்தப்பட்டது. முதல் மருந்து தூயதாக இல்லாமையால் பயன் தரவில்லை. ஜேம்ஸ் காலிப் அதனைத் தூய்மை செய்தபின், ஜனவரி 23 ஆம் நாள் மீண்டும் செலுத்தினர். சிறுவன் தேறினான். அதுவரையில் அந்நோயுற்ற குழந்தைகளுக்குப் பட்டினிக்கு நிகரான உணவுக் கட்டுப்பாடு ஒன்றே சிகிச்சையாக இருந்தது. அதுவும் சாவைச் சிறிது தள்ளிப் போட்டதேயன்றித் தடுக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் தம் உரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு ஒரு டாலர் விலைக்கே கொடுத்தனர். இம்மருந்து எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

தமிழகத்தில் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சை அமைவதற்கு வழிகாட்டியவர் டாக்டர் எம். விசுவநாதன். 1948 இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு அவரால் தொடங்கப் பெற்றது. பின்னர் இராயபுரத்தில் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தை அவர் நிறுவினார். நோயாளி தன் நோயைத் தானே அறிந்து ஆள வேண்டும் என்னும் நெறி நீரிழிவு மருத்துவத்துக்கே அடிப்படையானது. மருத்துவரை மாதத்திற்கு ஒரு முறை காணும் நோயாளி, மற்ற 29 நாளும் தானே தனக்கு மருத்துவராக இருக்க வேண்டுமல்லவா?

இன்று இந்நோயின் பரப்பு பெரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து, 2023 இல் வெளிவந்த ஆராய்ச்சி, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுற்றவர் என மதிப்பிட்டது. அவர்களிற் பெரும்பாலோர் மாத்திரை உண்பவர்கள். ஊசி வேண்டுவோரும் மிகப் பலர்.

மருந்து செய்யும் தொழிற்சாலையிலிருந்து நோயாளியின் கை வரையில் ஒரு குளிர்ச் சங்கிலி உண்டு. தொழிற்சாலையிற் குளிர் அறை, வண்டியிற் குளிர்ப் பெட்டி, கிடங்கில் வெப்பமானி, மருந்துக் கடையிற் குளிர்சாதனப் பெட்டி. இவ்விடங்களில் எல்லாம் பயிற்சி பெற்றோர் காவல் இருக்கிறார்கள். நோயாளி குப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறியதும் அக்காவல் முடிந்துவிடுகிறது. ஆயிரம் கல் தொலைவு பழுதின்றி வந்த மருந்து, கடைசி ஐந்து கல் தொலைவிற் கெட்டுப் போகலாம். வெயிலில் நிறுத்திய இருசக்கர வண்டியின் இருக்கைப் பெட்டிக்குள்ளும், கதவடைத்த காருக்குள்ளும் வெப்பம் வெளியிலுள்ளதைக் காட்டிலும் மிகுதியாக ஏறும். சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் வீடு. இதை உணர்ந்துகொள்வதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம்.

அந்தக் கடைசிக் கண்ணியைக் காக்கும் கருவி ஒன்று நம் முன்னோர் இல்லத்திலேயே இருந்தது. அது மண்பானை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அது இன்றும் கைகொடுக்கும். பானையின் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் புறத்தே ஆவியாகிறது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது 80 கலோரி வெப்பத்தைக் கவர்கிறது. ஒரு கிராம் நீர் சாதாரண வெப்பநிலையில் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரியைக் கவர்கிறது. அவ்வெப்பத்தைப் பானையினின்றே அது எடுத்துக் கொள்வதால் பானை குளிர்கிறது. பாஸ்டன் ஏரியிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைக் காட்டிலும், பானையின் புறத்தே கசியும் துளி ஏழு மடங்கு வெப்பத்தைக் கொண்டு போகிறது என்றால் வியப்பாக இல்லையா?

பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈர மணலை இட்டு, சிறிய பானையின் வாயை ஈரத் துணியால் மூடினால் ஓர் எளிய குளிர்கலம் ஆகும். நைஜீரியா நாட்டில் முகமது பா அப்பா என்னும் ஆசிரியர், 1990களில் காய்கறிகளைக் காப்பதற்கு இவ்விரட்டைப் பானையைச் சிற்றூர்களிற் பரப்பினார். மருந்துக்கும் இது உதவுமா எனப் பிறர் ஆராய்ந்தனர். 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பல நாடுகளின் மட்கலங்களையும் வேறு எளிய கருவிகளையும் சோதித்தனர். எல்லாமே உள்ளிருக்கும் வெப்பத்தை ஓரளவு குறைத்தன.

ஆனால் இதன் எல்லையையும் நாம் அறிய வேண்டும். காற்று வறண்டிருந்தால் நீர் விரைந்து ஆவியாகும். பானை நன்கு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாவது தடைப்படும். காஞ்சி கடலினின்று மிகத் தொலைவில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்திற் காற்று ஈரம் நிறைந்திருக்கும். அப்போது பானையின் உதவி குறையும்; நல்ல வேளையாக வெயிலின் கொடுமையும் அப்போது குறைகிறது. வறண்ட கோடையிலும் பானை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியைத் தராது. சுற்றுப்புற வெப்பத்தைச் சில டிகிரி தணிக்கும், அவ்வளவே. ஆகவே பல மாதங்களுக்குரிய மருந்தைப் பானையிற் சேமித்தல் ஆகாது. கையில் உள்ள, பயன்பாட்டில் இருக்கும் ஒரு குப்பிக்கு அது நல்ல நிழலாகும். மருந்து நனையாதபடி மூடிய சிறு டப்பியில் இட்டு வைத்தலும், பானையைக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தலும், நாள்தோறும் நீர் ஊற்றுதலும் வேண்டும்.

வெப்பத்தைப் பற்றிப் பேரச்சம் கொள்ள வேண்டுவதில்லை என்பதையும் அண்மை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கென்யாவின் அகதிகள் முகாம் ஒன்றில் நிலவிய வெப்பநிலையை அளந்தன. பின்னர் ஆய்வுக்கூடத்தில் அதே போல 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துப் பார்த்தனர். அதன் ஆற்றல் குன்றவில்லை என்று 2021 இல் அறிவித்தனர். குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு இது ஆறுதலான செய்தி. எனினும் வெயில் நேரே படும் இடமும் வண்டிப் பெட்டியும் 37 டிகிரியோடு நிற்பவை அல்ல. மருத்துவர் சொல்லும் முறையும், மருந்துடன் வரும் தாளில் உள்ள முறையுமே நமக்கு வழிகாட்டி.

கடந்த சில ஆண்டுகளில் இவ்வகையிற் புதிய மருந்துகளும் வந்துள்ளன. குடலில் இயல்பாகச் சுரக்கும் ஓர் இயக்குநீரைப் போன்றவை அவை. பசியைத் தணித்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, உடல் எடையையும் குறைக்கின்றன. இக்குடும்பத்தின் முதல் மருந்தாகிய எக்ஸெனடைடு, அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்ட பொருளை அடியாகக் கொண்டது. 2005 இல் அமெரிக்காவில் வழக்கத்திற்கு வந்தது. பின்னர் செமாகுளூடைடும் டிர்செபடைடும் வந்தன. 2025 இல் இவ்விரண்டும் ஊசி மருந்தாக இந்தியக் கடைகளிலும் விற்பனைக்கு வந்தன. இவையும் அமினோ அமிலச் சரங்களே. ஆதலால் இன்சுலினுக்குச் சொன்ன காவல் இவற்றுக்கும் பொருந்தும். மருத்துவரின் சீட்டின்றி இவற்றை வாங்குதலும், உறவினருக்குப் பகிர்தலும் கூடாத செயல்கள்.

இனிக் காக்கும் முறையைத் தொகுத்துச் சொல்வோம். திறவாத மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். பனிக்கட்டி உறையும் அறையிலும், அதனை ஒட்டிய இடத்திலும், பெட்டியின் பின் சுவரைத் தொடும்படியும் வைத்தலாகாது. கதவில் வைத்தால் திறக்கும்தோறும் வெப்பம் மாறும். நடுத் தட்டே நல்லது. ஒரு முறை உறைந்த மருந்து, உருகித் தெளிந்து பழைய தோற்றத்தைப் பெற்றாலும் பயன்படாது. அதனை நீக்கிவிட வேண்டும். வெப்பத்திற்கு அஞ்சுவோர் பலர் குளிர்ச்சிக்கு அஞ்சுவதில்லை. மருந்தைக் கெடுப்பதில் இரண்டும் ஒன்றே.

திறந்து பயன்படுத்தும் மருந்தைப் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வெளியே வைக்கலாம். இன்சுலின் பலவற்றுக்கு ஏறத்தாழ 28 நாள் கெடு உண்டு. எடை குறைக்கும் மருந்துகளுள் சிலவற்றுக்கு 21 நாளும், சிலவற்றுக்கு 56 நாளும் எனக் கெடு மாறுபடும். ஆகவே உங்கள் வீட்டு மருந்தின் தாளைப் படித்து, திறந்த நாளைக் குப்பியின்மேல் எழுதி வையுங்கள். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கினாலோ, திரி திரியாகத் தோன்றினாலோ, நிறம் மாறினாலோ அதனைப் போடலாகாது. சிலவகை இன்சுலின் இயல்பாகவே பால்போல் இருக்கும். அவற்றைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும். மருந்துப் பேனாவிலிருந்து ஊசியைக் கழற்றி மூடி வைக்க வேண்டும். வெளிச்சம் படாமல் காக்க வேண்டும். பயணத்தின்போது குளிர்ப் பையில் இட்டு எடுத்துச் செல்லலாம். ஆனால் பனிக்கட்டி மருந்தை நேரே தொடாதபடி துணியால் சுற்றுதல் வேண்டும். சர்க்கரை காரணமின்றி ஏறினால், உண்ட உணவை மட்டும் குறை கூறாமல், மருந்து கெட்டதோ எனவும் ஐயுற்று மருத்துவரை அணுக வேண்டும்.

மாணவ மாணவியரே! உங்களில் பலருடைய வீட்டில் தாத்தாவோ, பாட்டியோ, தாய் தந்தையரோ, உடன்பிறந்தாரோ இத்தகைய மருந்தைப் போட்டுக்கொள்பவராக இருக்கலாம். மருந்துடன் வரும் தாளின் எழுத்து மிகச் சிறியது; பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது. முதியோர் கண்ணுக்கு அது எட்டாது. அதனைப் படித்துத் தமிழில் எடுத்துச் சொல்வதும், திறந்த தேதியைக் குறித்து வைப்பதும், மின்சாரம் நின்றபோது குளிர்சாதனப் பெட்டியை அடிக்கடி திறவாதபடி பார்த்துக்கொள்வதும் உங்களால் இயலும் பணிகள். கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்படுவதற்கு இதனினும் சிறந்த வாய்ப்பு வேறில்லை.

1802 இல் ஒரு குழந்தையின் கைதான் மருந்தைச் சுமந்து சென்றது. கப்பலும், பனிக்கட்டி மாளிகையும், கிண்டி நிலையமும், ஆராய்ச்சிக் கூடங்களும் வரிசையாக வந்து அச்சுமையை ஏற்றுக்கொண்டன. இன்று அந்தச் சுமை நம் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறது. மரத்தை நீரிலும், மண்ணை நீர் படாமலும், பட்டை நிழலிலும் காக்கத் தெரிந்த மக்களுக்கு, ஒரு சிறு குப்பியை வெயிலினின்றும் உறைபனியினின்றும் காப்பது அரிய செயல் அன்று. அறிந்து, நாள்தோறும் மறவாமற் செய்வதே வேண்டுவது.